உங்களுக்குத் தெரியுமா? குடலுக்குள்ளும் ஓடுது ஒரு கடிகாரம்!

வெளிச்சமே எட்டாத குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் பகல், இரவு உண்டு. முக்கியமாக நாம் சாப்பிடும் நேரத்தை வைத்து அவை பொழுதை அறிகின்றன. வேளைக்கேற்பச் சில இனங்கள் பெருகும், சில குறையும்.

இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இது: அமெரிக்காவிலிருந்து இஸ்ரேலுக்கு விமானத்தில் வந்த இருவரின் குடல் பாக்டீரியாக்கள், நேர மாற்றத்தால் உடல் தடுமாறிய நாட்களில் மாறின, இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பின. உடல் கடிகாரம் பழுதான எலிகளுக்குக் குறித்த நேரத்தில் மட்டும் தீனி கொடுத்தபோது, பாக்டீரியாக்களின் தினசரி ஏற்ற இறக்கம் மீண்டது.

தண்டலம், ஒரகடம் ஆலைகளில் மாறி மாறி ஷிப்ட் பார்ப்பவர்களே, வேலை நேரம் மாறினாலும் சாப்பாட்டு நேரத்தை முடிந்தவரை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள்!