நம்மூர்ச் சூளையில் பிறக்கும் அரிய கனிமம்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

திருமுதுகுன்றம், பழமலை என்று குன்றின் பெயரால் வழங்கிவந்த நம் விருத்தாசலம், இன்று களிமண்ணாலும் பெயர் பெற்றிருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை என நம்மூர்ப் பீங்கான் பொருள்கள் பல ஊர்களுக்கும் செல்கின்றன.

என் தாயார் ஒரு பீங்கான் பட்டறையில் அச்சு வார்க்கும் வேலை செய்பவர். ஒருநாள் அவர் கேட்டார்: "காயவெச்ச அகல் மழையில நனைஞ்சா திரும்பவும் சேறாப் போவுது. சூளையில வெந்த அகல் வருஷக்கணக்கா தண்ணியில கெடந்தாலும் கரையல. ரெண்டும் ஒரே மண்ணுதானே? நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிற, சொல்லேன்." அன்று என்னால் சரியாக விடை கூற இயலவில்லை. பிறகு தேடிப் படித்து அறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

பீங்கானுக்கு அடிப்படை சீனக் களிமண். அதிலுள்ள முக்கியக் கனிமம் கேயோலினைட். சீன நாட்டில் 'உயர்ந்த குன்று' என்று பொருள்படும் கௌலிங் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்த சொல் இது. நம் முதுகுன்றத்திற்கு அது பொருத்தமான உறவுதானே! கேயோலினைட்டின் படிகம் புத்தகத்தின் தாள்களைப் போன்றது. சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த ஓர் அடுக்கு, அலுமினியமும் ஹைட்ராக்சில் தொகுதிகளும் சேர்ந்த மற்றோர் அடுக்கு. இரண்டும் இணைந்து ஒரு தாள். தாளுக்கும் தாளுக்கும் இடையே உள்ள பிணைப்பு வலுவற்றது. நுண்ணிய இத்துகள்களுக்கிடையே நீர் புகுந்தால் அவை வழுக்கிப் பிரிகின்றன. பச்சை அகல் சேறாவது இதனால்தான்.

சூளையில் சுமார் 500 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நீராவியாக வெளியேறுகின்றன. தாள்களின் ஒழுங்கு குலைகிறது. இனி நீர் ஊற்றினாலும் அது பழைய களிமண்ணாகாது. சுமார் 980 பாகையில் அணுக்கள் மறுபடியும் ஒழுங்குபடத் தொடங்குகின்றன. 1100 பாகைக்கு மேல் 'முல்லைட்' என்னும் புதிய படிகம் வளர்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், 100 கிராம் தூய கேயோலினைட்டில் 14 கிராம் நீராகப் போய்விடும். 55 கிராம் முல்லைட் ஆகும். எஞ்சிய 31 கிராம் சிலிக்கா.

இந்த முல்லைட் இயற்கையில் மிக அரிது. ஸ்காட்லாந்தின் மல் தீவுப் பாறைகளில் இருந்த இக்கனிமத்தை முன்பு சில்லிமனைட் என்றே எண்ணியிருந்தனர். அது வேறொரு கனிமம் என்பதை 1924-ல் போவன், கிரெய்க், ஜீஸ் ஆகிய மூவரும் எடுத்துக்காட்டினர். தீவின் பெயரே கனிமத்திற்கும் ஆயிற்று. முல்லைட் உண்டாக மிகுந்த வெப்பமும் குறைந்த அழுத்தமும் ஒருங்கே வேண்டும். பூமியின் ஆழத்தில் வெப்பம் உண்டு. ஆனால் அழுத்தமும் மிகுதி. எரிமலைக் குழம்பில் களிமண் பாறை அகப்பட்டு வெந்த மல் தீவு போன்ற சில இடங்களில்தான் இரண்டும் வாய்த்தன. சூளையிலோ அவை எளிதில் வாய்க்கின்றன!

சில்லிமனைட்டுக்கும் முல்லைட்டுக்கும் அமைப்பில் என்ன வேறுபாடு? இரண்டிலும் அலுமினியத்தைச் சுற்றி 6 ஆக்சிஜன்கள் நிற்கும் எண்முகிகள் சங்கிலியாகச் செல்கின்றன. அச்சங்கிலிகளை நான்முகிகள் குறுக்கே இணைக்கின்றன. முல்லைட்டில் சிலிக்கானின் இடங்கள் சிலவற்றில் அலுமினியம் அமர்கிறது. சிலிக்கானின் மின்னேற்றம் 4, அலுமினியத்தினது 3. ஆகவே இவ்வாறு 2 அணுக்கள் மாறும்போது, ஈடுகட்ட ஓர் ஆக்சிஜன் விலகி அவ்விடம் காலியாகிறது. 3 பங்கு அலுமினாவுக்கு 2 பங்கு சிலிக்கா என்பது முல்லைட்டின் வழக்கமான விகிதம்.

பீங்கான் கலவையில் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் உண்டு. ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி நுண்துளைகளை அடைக்கிறது. அந்த உருகலுக்குள் முல்லைட் ஊசி ஊசியாக வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக் கொள்கிறது. ஓலைப் பாயின் பின்னலைப் போல இதுவே பீங்கானுக்கு வலிமை தருகிறது. ஜெர்மனியின் ஹெஸ்ஸே நாட்டு மூசைகள் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே புகழ் பெற்றவை. அவற்றின் உறுதிக்கும் முல்லைட்டே காரணம் என்று 2006-ல் ஆய்வாளர்கள் கண்டனர். செய்தவர்கள் அதன் பெயரை அறியார், பக்குவத்தை அறிந்திருந்தனர்.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. எரிபொருளை மிச்சம் பிடிக்கச் சூளையை முன்னதாக நிறுத்தினால் ஊசிகள் வளரா; பொருள் நீரை உறிஞ்சும், எளிதில் உடையும். மிச்சமான விறகுக் காசு, கழிவாய்ப் போன சரக்கில் பன்மடங்கு கரையும். மற்றொன்று தூசி. குவார்ட்ஸின் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். வந்தபின் அதை முற்றிலும் நீக்க மருந்தில்லை. தரையை உலர்வாகப் பெருக்காமல் நீர் தெளித்துத் துடைப்பதும், தக்க முகக்கவசம் அணிவதும் இன்றியமையாதவை.

இவற்றையெல்லாம் என் தாயாரிடம் சொன்னேன். முல்லைட் என்ற பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மறுவாரம் அவர் பட்டறையில் பெருக்குவதற்கு முன் வாளித் தண்ணீர் வைத்ததாகக் கூறினார். நான் படித்த வேதியியலுக்கு இதைவிட வேறு பரிசு வேண்டுமோ?