விண்டோஸ் 10: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? திருப்பத்தூர் அலுவலகங்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூரில் பத்திர எழுத்தர் அலுவலகம், நகை அடகுக் கடை, அச்சகம், ஆடிட்டர் அலுவலகம், தனியார் பள்ளி என்று எங்கே நுழைந்தாலும் இரண்டு மூன்று கணினிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவும் 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-இல் இயங்குபவை. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. "நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு வீண் செலவு?" என்கிறார் கடைக்காரர். "எல்லாவற்றையும் மாற்றியே ஆகவேண்டும்" என்கிறார் சர்வீஸ் செய்பவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அலுவலகம் மொத்தத்துக்கும் ஒரே முடிவு எடுக்காதீர்கள். எந்தக் கணினி என்ன வேலை செய்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் தனியாக முடிவெடுங்கள். கீழே வரும் விளக்கங்கள் எல்லாம் அதற்கு உதவத்தான்.

ஆதரவு நின்றுவிட்டது என்றால் கணினி நின்றுவிடுமா?

நிற்காது. நாளைக்கும் அதே மாதிரி ஓடும். நின்றுபோவது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். இனிமேல் விண்டோஸ் 10-இல் புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், கூடுதல் ஆதரவுக்குப் பதிவு செய்யாத கணினியில் அது அடைபடாமலே கிடக்கும்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-இலும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-இலும் இதுவே நடந்தது. அதற்குப் பின்னும் அவற்றைப் பலர் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நெருக்கடி வேறு பக்கமிருந்து வந்தது. 2023-இன் தொடக்கத்தில் விண்டோஸ் 7-க்கான குரோம் உலாவி 109-ஆம் பதிப்போடு நின்றுபோனது. அதற்குப் பிறகு வந்த குரோம் அதில் ஏறாது. வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, பத்திரப் பதிவு எல்லாமே உலாவி வழியாக நடக்கும் காலம் இது. உலாவி பழசானால் அலுவலக வேலையே தடுமாறத் தொடங்கும்.

எங்கள் ஊர்ச் சின்னக் கடையை யார் தேடி வந்து தாக்கப்போகிறார்கள்?

யாரும் தேடி வரமாட்டார்கள். தேடி வர வேண்டிய தேவையே இல்லை. 2017 மே 12-ஆம் தேதி கிளம்பிய வன்னாக்ரை என்ற தாக்குதலைப் பாருங்கள். அந்த நிரல் இணையத்தில் எட்டிய விண்டோஸ் கணினிகளை எல்லாம் தானாகவே துழாவியது. திருத்தம் போடாத கணினி அகப்பட்டால் உள்ளே புகுந்து, கோப்புகளைப் பூட்டி, திறந்துவிட 300 டாலரை பிட்காயினில் கேட்டது. அங்கிருந்து அடுத்த கணினிக்குத் தாவியது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் அகப்பட்டன. ஆந்திரத்தில் காவல் நிலையக் கணினிகளும், மேற்கு வங்கத்தில் மின் விநியோக அலுவலகக் கணினிகளும் தப்பவில்லை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஏறக்குறைய 19,000 சிகிச்சை நேரங்கள் ரத்தாயின.

இதில் பலரும் கவனிக்காமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே, அதாவது இரண்டு மாதம் முன்பே, வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அன்றைக்கு விண்டோஸ் 7-க்கு ஆதரவு இருந்தது. திருத்தம் கையில் இருந்தும் போடாமல் விட்டவர்கள்தாம் மாட்டினார்கள். எனவே விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டு, "வேலை நேரத்தில் தொந்தரவு" என்று அப்டேட்டை நிறுத்திவைத்தால் மாறியதில் பயனே இல்லை.

நஷ்டம் உங்களோடு முடிவதும் இல்லை. பத்திர எழுத்தர் கணினியில் ஊராருடைய ஆதார் நகலும் பான் அட்டை நகலும் இருக்கின்றன. பள்ளிக் கணினியில் குழந்தைகளின் விவரங்கள் இருக்கின்றன. பிறர் தகவலை வைத்திருப்பவர் அதற்குத் தகுந்த பாதுகாப்பு செய்ய வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது. நம்மை நம்பி அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு நாம் பட்ட கடன் இது என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். வங்கிகளே அப்படிச் செய்யவில்லை. ஏடிஎம்களில் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டித்து 2018 ஜூன் 21-இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டபோது தவணை வைத்தது: செப்டம்பருக்குள் கால் பங்கு, டிசம்பருக்குள் பாதி, மறு மார்ச்சுக்குள் முக்கால், 2019 ஜூனுக்குள் முழுதும்.

உங்கள் அலுவலகத்திலும் வரிசை வைத்துக்கொள்ளுங்கள். வங்கிப் பரிமாற்றம், ஜிஎஸ்டி தாக்கல், மின்னஞ்சல், வாட்ஸ்அப் வெப் இவை நடக்கும் கணினி முதலில் மாற வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. வெளியார் பென் டிரைவ் செருகும் கணினி அடுத்தது. ஜெராக்ஸ் கடையிலும் அச்சகத்திலும் அது இணையத்துக்கு நிகரான வாசல். இணையமே தொடாமல், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ரசீது மட்டும் அடிக்கும் கணினியை இன்னும் சில காலம் அப்படியே விடலாம். ஆனால் அதன் நெட்வொர்க் கேபிளை உண்மையிலேயே கழற்றிவிட வேண்டும், வைஃபையையும் அணைத்துவிட வேண்டும்.

ஸ்கேன் மையத்திலோ ஆய்வகத்திலோ கருவியோடு சேர்ந்து வந்த கணினியில் கை வைக்காதீர்கள். கருவி கொடுத்த நிறுவனத்தின் எழுத்துபூர்வமான பதில் வந்த பிறகே அதை மாற்றலாம். அதுவரை இணையத்திலிருந்து பிரித்து வையுங்கள்.

எங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா?

இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அதற்குப் பிந்தைய பிராசசர்கள் ஏற்கும். உத்தேசமாக 2018-க்குப் பின் வந்தவை. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் ஆகியவையும் தேவை. மைக்ரோசாஃப்டின் இலவச 'பிசி ஹெல்த் செக்' செயலி இதைச் சோதித்துச் சொல்லிவிடும்.

'தகுதி இல்லை' என்று வந்தால் உடனே கணினியைக் கழித்துவிடாதீர்கள். பல கணினிகளில் டிபிஎம் வசதி உள்ளேயே இருக்கும், பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். முறையான விண்டோஸ் 10 உரிமம் உள்ள தகுதியான கணினிக்கு விண்டோஸ் 11 இலவசம். 4 ஜிபி ரேமில் ஏறும் என்பதால் வசதியாக ஓடும் என்று எண்ண வேண்டாம். 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டால்தான் வேலை நகரும்.

தகுதி இல்லாவிட்டாலும் ஏற்றித் தருகிறேன் என்கிறாரே சர்வீஸ்காரர்?

செய்ய முடியும். சோதனையைத் தாண்டி நிறுவும் வழிகள் இருக்கின்றன. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. திருத்தத்துக்காக மாறிவிட்டு, அது வருமா வராதா என்ற சந்தேகத்திலேயே இருப்பது தொழில் நடக்கும் இடத்துக்குச் சரிப்படாது. சில நூறு ரூபாய்க்கு 'ஒரிஜினல் கீ' என்று விற்பதையும், ஆக்டிவேட்டர் போட்டுத் தருவதையும் ஏற்காதீர்கள். வைரஸை நாமே கூப்பிட்டு உள்ளே விடுவதற்கு அந்த ஆக்டிவேட்டர்கள் நல்ல வழி.

கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ள வழி உண்டா?

உண்டு. கூடுதல் பாதுகாப்புத் திருத்தத் திட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டுக் கணினிகளுக்கானது 2026 அக்டோபர் 13 வரை செல்லும். நிறுவனங்களுக்கு முதல் ஆண்டு கணினி ஒன்றுக்கு 61 டாலர்; ஆண்டுதோறும் அது இரட்டிப்பாகும்; அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதல் ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். மூன்று ஆண்டுக்கும் கூட்டினால் 427 டாலர், அதாவது ரூ.35,000-ஐத் தாண்டும். அந்தத் தொகைக்குப் புதிய கணினியே வந்துவிடும். ஓராண்டு அவகாசம் வாங்க மட்டும் இதைப் பயன்படுத்தலாம்.

பழைய பில்லிங் சாஃப்ட்வேரும் தமிழ் எழுத்துருவும் என்ன ஆகும்?

மாற்றத்துக்குத் தயங்குபவர்களின் உண்மையான பயம் இதுதான், அது நியாயமான பயமும்கூட.

பல அடகுக் கடைகளிலும் மொத்த வியாபாரக் கடைகளிலும் இன்னும் டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ நிரல்கள் ஓடுகின்றன. கறுப்புத் திரை, மவுஸ் கிடையாது, வேகமோ வேகம். இவை 32-பிட் விண்டோஸ் 10 வரைக்கும் சமாளித்தன. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல் ஓடாது. டாஸ்பாக்ஸ் போன்ற ஒரு செயலிக்குள் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். ரசீது சரியாக அச்சாகிறதா என்பதுதான் அதில் முதல் சோதனை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். எனவே பழைய நிரலைக் கைவிட்டாலும் பழைய கணக்கைத் திறந்து காட்ட ஒரு வழி இருந்தாக வேண்டும். இணையம் இல்லாத ஒரு பழைய கணினியை அதற்கென்றே ஒதுக்கி வைப்பது தவறில்லை.

அச்சகங்களின் நிலை வேறு. காரைக்குடி, திருப்பத்தூர்ப் பக்கம் கல்யாணப் பத்திரிகை என்றால் இரு வீட்டுப் பெரியவர்கள் பெயரும் விலாசமும் நீளும். போன தலைமுறைப் பத்திரிகையின் கோப்பைத் திறந்து பெயர்களை மாற்றிப் புதியதைத் தயார் செய்வார்கள். அந்தக் கோப்பு பேஜ்மேக்கரில் இருக்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல். அதன் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறந்தன. பிறகு வந்தவை திறப்பதில்லை. ஆகவே மாறுவதற்கு முன்பே முக்கியமான கோப்புகளை பிடிஎஃப் ஆகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாமினி, வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பத்திரங்கள், அந்த எழுத்துருவை மறுபடி நிறுவினால் விண்டோஸ் 11-இலும் தெரியும். தடங்கல் வருவது தட்டச்சு மென்பொருளில்தான், குறிப்பாக யுஎஸ்பி டாங்கிள் செருகினால்தான் இயங்கும் வகையில். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. 2019 மே மாதப் பதிப்பிலிருந்து தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸிலேயே இலவசமாக வருகின்றன. பழைய கோப்புகளை யூனிகோடாக மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகளும் உள்ளன. கணினி மாறும் இந்த வேளையிலேயே எழுத்துருவையும் மாற்றிவிடுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பத்திரத்தைத் திறப்பவர் உங்களை நினைத்துக்கொள்வார்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி, பழைய பிரிண்டர், ஸ்கேனர் இவை ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸுக்குப் போய்விட்டால் என்ன?

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. எக்ஸ்பி ஆதரவு நின்ற 2014-இல் தமிழக அரசு தன் துறைகளுக்குப் பரிந்துரைத்தது பாஸ் லினக்ஸைத்தான். அது சென்னை சி-டாக் உருவாக்கியது. கேரளம் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பாடநூலையே அதற்கேற்ப எழுதி, இன்றுவரை நடத்திக்கொண்டிருக்கிறது. மாறாக, ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பல்லாயிரம் கணினிகளை மாற்றி, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அங்கே கடைசிவரை தீராத புகார், வெளியாரோடு கோப்புகளைப் பரிமாறுவதில் வந்த சிக்கல்.

இதை வைத்து நம் ஊருக்குச் சொல்வதென்றால், பள்ளிக் கணினி ஆய்வகம், நூலகம், உலாவியும் கடிதமும் மட்டும் போதும் என்கிற மேசை இவற்றுக்கு லினக்ஸ் மிக நல்லது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிக்கும் அது மறுவாழ்வு தரும். டேலியும் கையெழுத்து டோக்கனும் அன்றாடம் தேவைப்படும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

எப்போது மாற்றுவது நல்லது?

அச்சகங்களுக்கு ஆடியும் மார்கழியும். முகூர்த்தம் இல்லாத மாதங்கள் என்பதால் கையில் அவசர வேலை இருக்காது. பள்ளிகளுக்கு மே மாதம். கணக்கு அலுவலகங்கள் மார்ச் கடைசியையும், மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் வரும் 11, 20 தேதிகளையும் தவிர்க்க வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி ஏற்றத்தில் மின்சாரம் போனால் பெரும் தொல்லை. யுபிஎஸ் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று அதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

சர்வீஸ்காரர் வரும் முன் என்ன செய்து வைக்க வேண்டும்?

முழு நகல். டெஸ்க்டாப்பில் கிடப்பது, டி டிரைவில் இருப்பது, டேலி டேட்டா, மின்னஞ்சல் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதை வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளையாவது திறந்து பார்த்துவிட்டுக் கழற்றி வையுங்கள். செருகியபடியே விட்ட டிஸ்க்கையும் வன்னாக்ரை போன்ற பணயத் தாக்குதல் பூட்டிவிடும். "ஃபார்மட் பண்ணிடலாம்" என்று ஆரம்பிப்பதற்கு முன் டேலி உரிமத்தை சரண்டர் செய்துவிடுங்கள். மற்ற மென்பொருள்களின் உரிம எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

முதலில் ஒரே ஒரு கணினியை மாற்றுங்கள். ஃபார்மட் செய்யாமல் மேலேயே ஏற்றினால் பத்து நாட்களுக்குள் பழையபடி விண்டோஸ் 10-க்குத் திரும்பும் வசதி இருக்கிறது. அந்தப் பத்து நாளில் அன்றாட வேலை அத்தனையையும் அதில் செய்து பாருங்கள்: ரசீது அடிப்பது, ஸ்கேன் எடுப்பது, தமிழில் தட்டுவது, டோக்கனில் கையெழுத்துப் போடுவது, வங்கித் தளத்தில் நுழைவது. எல்லாம் சரியாக நடந்த பிறகு அடுத்த மேசைக்குப் போகலாம். இடையில் கணக்கிலிருந்து பணம் போனதாகத் தெரிந்தால் அந்தக் கணினியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.