எடுத்த கருவியை எடுத்த இடத்தில்: கார் ஷெட்டில் ஒரு பட்டறை

வீட்டுக் கார் ஷெட்டில் இருக்கும் பட்டறை கலைந்து கிடந்தால் இடம் போதவில்லை என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் அது காரணமே இல்லை. எடுத்த கருவியைத் திருப்பி வைப்பது சிரமமாக இருக்கிறது, அவ்வளவுதான். சுத்தியல் அவசரமாக வேண்டும் என்றால் யாரும் நாலு பெட்டியைக் கவிழ்த்தாவது எடுத்துவிடுவார்கள். வேலை முடிந்து, கையெல்லாம் அழுக்காகி, பசியும் எடுத்த பிறகு, அந்த நாலு பெட்டியையும் மறுபடி அடுக்கிச் சுத்தியலை உள்ளே வைக்க யாருக்கும் மனம் வராது. அது ஜன்னல் திண்டில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே ஒரு கருவிக்கு இடம் பார்க்கும்போது, அதை எப்படி எடுப்பது என்பதைவிட எப்படித் திருப்பி வைப்பது என்று யோசிப்பதே பலன் தரும். மூடி திறக்காமல், எதையும் நகர்த்தாமல், ஒரு கையால் வைக்க முடிகிற இடம் நல்ல இடம்.

ஒழுங்கு செய்வதன் முதல் வேலை எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து தார்ப்பாயில் பரப்புவது. ஜப்பானின் டொயோட்டா ஆலைகள் வழியே உலகத் தொழிற்சாலைகளுக்குப் பரவிய ‘ஐந்து எஸ்’ முறையிலும் வேண்டாததைக் கழிப்பதுதான் முதல் படி, அடுக்குவது இரண்டாவதுதான். கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் டப்பாக்களும் இழுப்பறைப் பெட்டியும் வாங்கி வருவதில் தொடங்குகிறவர்கள் குப்பையை அழகாக அடுக்கி முடிக்கிறார்கள்.

எதைக் கழிப்பது என்பதற்குக் கருவியே விடை சொல்லும். அடிவாங்கித் தலை பூப்போல விரிந்த உளியிலிருந்து இரும்புச் சில்லு தெறித்துக் கண்ணில் படலாம். அதைக் கிரைண்டரில் தேய்த்துச் சீராக்க வேண்டும், இல்லையென்றால் தூக்கிப் போட வேண்டும். முனை மழுங்கிய திருப்புளி ஸ்க்ரூவின் தலையைக் கெடுக்கும். வாய் அகன்ற ஸ்பேனர் நட்டின் மூலைகளை வழித்துவிடும். பிடி ஆடும் சுத்தியலுக்குப் புதுப் பிடி போடும்வரை பட்டறையில் இடம் கொடுக்கக் கூடாது. ‘என்றைக்காவது உதவும்’ என்று சேர்த்து வைக்கும் பழைய குழாய்த் துண்டு, கழற்றிய கீல், பாதி ஒயர் ஆகியவற்றுக்கு ஒரே ஒரு வாளி ஒதுக்கலாம். வாளி நிறைந்தால் புதிதாக ஒன்று உள்ளே வர, பழையது ஒன்று காயலான் கடைக்குப் போக வேண்டும்.

மிஞ்சியதைப் பிரிக்கும்போது வடிவம் பார்த்துச் சேர்ப்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும்: திருப்புளிகள் ஒரு பக்கம், டேப்புகள் ஒரு பக்கம். பட்டறைப் பலகையருகே செய்யும் மரவேலைக்கு அது பொருந்தும். ஆனால் வீட்டு ரிப்பேர்களில் பாதிக்கு மேல் பட்டறையில் நடப்பதில்லை. குளியலறையிலும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியருகிலும், மோட்டார் ரூமிலும் நடக்கின்றன. அந்த வேலைகளுக்கான சாமான்களைத் தூக்கிப் போகும் கட்டாக வைப்பது நல்லது. பைப் ரெஞ்ச், ஆக்சா பிளேடு, டெஃப்லான் டேப், பிவிசி ஒட்டும் பசை, குழாய் வாஷர்கள் ஒரு வாளியில்; டெஸ்டர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், ஒயர் துண்டுகள், ஸ்விட்ச் பெட்டிக்கான ஸ்க்ரூக்கள் ஒரு பையில். இப்படிப் பிரித்தால் ஒரே மாதிரித் திருப்புளி இரண்டு மூன்று வேண்டியிருக்கும். அது வீண் செலவு அல்ல. மாடிக்கும் கீழுக்கும் நடக்கும் நடை மிச்சமாகும்.

அடுத்தது உயரம். இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட சுவர்ப்பரப்பு பட்டறையிலேயே விலை மதிப்புள்ள இடம். அன்றாடம் கை போகிறவற்றுக்கு மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும். தலைக்கு மேலே எப்போதாவது தேவைப்படும் எடை குறைந்தவை, கீழே கனமானவை. டிரில்லிங் மெஷினையும் வெட்டும் மெஷினையும் பரண் மீது ஏற்றுவது இரட்டைத் தவறு: எடுக்கச் சோம்பல் வரும், எடுத்தால் காலில் விழும். வேலைப் பலகையின் உயரம், நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் அளவு இருந்தால் முதுகு வலிக்காது. பலருக்கு அது 85 முதல் 90 சென்டிமீட்டருக்குள் வரும். கார் நிற்கும் ஷெட் என்றால் அளவு எடுப்பதற்கு முன் காரை உள்ளே விட்டு, எல்லாக் கதவுகளையும் டிக்கியையும் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் ஷெட்டை அளந்து அடித்த அலமாரிகள் பிறகு கார்க் கதவில் கோடு போடும்.

சுவரில் மாட்டுவதற்கு மேல்நாட்டுப் பட்டறைகளில் புகழ்பெற்றது துளைப் பலகை. கால் அங்குலத் துளைகளை ஓர் அங்குல இடைவெளியில் வரிசையாகப் போட்ட ஹார்ட்போர்டு அது. கம்பிக் கொக்கிகளை வேண்டிய துளையில் செருகி, வேண்டும்போது மாற்றலாம். அமெரிக்க வீடுகளில் சுவருக்குள்ளே மரச் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும். பலகையை அவற்றில் நேராக ஸ்க்ரூ செய்துவிடலாம். பூசிய செங்கல் சுவரில் அது நடக்காது. ஒவ்வொரு கொக்கிக்கும் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து, பூச்சு உதிர்ந்தால் மறுபடி தள்ளிப் போட வேண்டும். அதற்குப் பதில் சுவரில் மூன்று நான்கு ரீப்பர் கட்டைகளை உறுதியாக அடித்து, அவற்றின் மேல் ஒரு பிளைவுட் பலகையை ஒரே தடவை பொருத்திவிட்டால், அதன்பின் எந்தக் கொக்கியையும் ஆணியையும் பலகையில் இஷ்டத்துக்கு அடிக்கலாம், பிடுங்கலாம். ரீப்பரால் உண்டாகும் இடைவெளியில் காற்று போவதால் மழைக்காலச் சுவர் ஈரமும் பலகைக்கு ஏறாது. ஹார்ட்போர்டு ஈரத்தில் உப்பும் குணமுள்ளது என்பதால், கடலோர ஊர்களில் தண்ணீர் தாங்கும் பிளைவுட்டோ துளையிட்ட தகரமோ மேல்.

மாட்டிய கருவியின் உருவத்தைப் பின்னால் கோடாக வரைந்துவிடுவது எளிமையான, ஆனால் மிகவும் பயனுள்ள யுக்தி. அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ஜூலியா சைல்டின் சமையலறையில் அவர் கணவர் பால் சைல்ட் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் துளைப் பலகையில் இப்படி உருவம் வரைந்து வைத்தார். அந்தச் சமையலறை இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விமானப் பராமரிப்புக் கூடங்களில் இதே முறை உயிர் காக்கும் ஒழுங்கு. ஒரு ஸ்பேனரின் நிழல் காலியாகத் தெரிந்தால் அது எஞ்சினுக்குள் கிடக்கலாம் என்று பொருள். அது கிடைக்கும்வரை விமானம் கிளம்பாது. வீட்டில் அவ்வளவு ஆபத்து இல்லை என்றாலும், காலியிடம் கண்ணில் படுவதே கருவியைத் தேடிக் கொண்டுவந்து மாட்டவைக்கும்.

கருவிகளை அடுக்குவதில் உச்சம் என்று பலரும் காட்டுவது பியானோ தயாரிப்பாளர் ஹென்றி ஸ்டட்லியின் சுவர்ப் பெட்டி. மூடினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமும் அரை மீட்டர் அகலமும் உள்ள அதற்குள் சுமார் 300 கருவிகள் இழை பிசகாமல் பொருந்தியிருக்கும். பார்க்கப் பிரமிப்புதான். ஆனால் உள்ளே இருப்பதை எட்ட முன்னால் உள்ள அடுக்குகளை விலக்க வேண்டும். ஒரே கைவினைஞர் ஆயுளெல்லாம் கையாளும் பெட்டிக்கு அது சரி. அண்ணன், தம்பி, பிள்ளைகள் எல்லாரும் எடுக்கும் வீட்டுப் பட்டறைக்கு முன்மாதிரி ஆகாது.

ஆணி, ஸ்க்ரூ, நட்டு, போல்ட்டு முதலிய சில்லறைச் சாமான்களே பட்டறையின் பெரிய தலைவலி. தமிழ் வீடுகளில் இவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்ந்த காலம் உண்டு. உள்ளே இருப்பது தெரியும் என்பதால் அந்த யோசனை நல்லதுதான். சிமென்ட் தரையில் விழுந்தால் கண்ணாடியும் ஆணியும் ஒன்றாகச் சிதறும் என்பதால் இன்று ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாக்கள் போதும். டப்பாவின் மூடியை அலமாரித் தட்டின் அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ செய்துவிட்டால், டப்பாவைத் திருகித் தொங்கவிடலாம். வீணாகும் இடம் பயன்படும். ஆனால் தினமும் எடுக்கும் ஸ்க்ரூக்களை இப்படித் தொங்கவிடக் கூடாது, அவற்றுக்குத் திறந்த தட்டே சரி.

அளவுப்படி பிரிப்பதில் சிக்கனம் கூடாது. 6 மில்லிமீட்டர் போல்ட்டும் கால் அங்குலப் போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். இரண்டாவதன் விட்டம் 6.35 மில்லிமீட்டர், மரையின் இடைவெளியும் வேறு. இரண்டும் ஒரே டப்பாவில் கலந்தால் நட்டு ஏறுவதுபோல ஏறி நடுவில் சிக்கிக்கொள்ளும். டப்பாவின் முகப்பில் ஒரு மாதிரித் துண்டை ஒட்டி, பக்கத்தில் பொருந்தும் ஸ்பேனர் அளவையும் எழுதிவைக்கலாம்: சாதாரண எம்6 போல்ட்டுக்கு 10, எம்8 போல்ட்டுக்கு 13. ஸ்பேனர்களுக்கு இழுப்பறையைவிடக் காடி வெட்டிய கட்டை உகந்தது. 6-7, 8-9, 10-11 என்று இருமுனை ஸ்பேனர்கள் வரிசையாக நின்றால், எது இல்லை என்பது எண்ணாமலே தெரியும். இழுப்பறை வைத்தே ஆக வேண்டும் என்றால் ஆழம் குறைந்ததாக, ஒரே அடுக்குப் பொருள் மட்டும் கொள்வதாக இருக்கட்டும். ஆழமான இழுப்பறையில் அடியில் போனது அடுத்த முறை வீடு மாறும்போதுதான் வெளிவரும்.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் அடுக்குவதோடு வேலை முடிவதில்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பில் துரு வேகமெடுக்கும். கடற்காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்து, ஈரத்தை இழுத்து நிலைமையை இன்னும் மோசமாக்கும். வேலை முடிந்ததும் மெஷின் ஆயில் தொட்ட துணியால் ஒரு துடைப்பு துடைப்பதே நல்ல தற்காப்பு. சமையல் எண்ணெய்கள் நாளாக ஆகப் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் திறந்த அலமாரியில் போட்டு வைப்பதில் பயனில்லை. இறுக்கமாக மூடும் பெட்டிக்குள் மட்டுமே அது வேலை செய்யும். உளிகளையும் துல்லியமான அளவுகோல்களையும் அப்படிப்பட்ட பெட்டியில் வைக்கலாம்.

பலர் கவனிக்காத துருக் காரணம் ஒன்று உண்டு: குளியலறை கழுவும் ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூடி சற்றுத் தளர்ந்தாலும் கசியும் ஆவி அதே அறையில் உள்ள இரும்பையெல்லாம் சில வாரங்களில் செந்நிறமாக்கிவிடும். பிளீச்சிங் பவுடரும் இரும்புக்குப் பகை. இவை இரண்டும் பட்டறையிலும் வேண்டாம், ஒன்றுக்கொன்று பக்கத்திலும் வேண்டாம். கலந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். தரையோடு ஒட்டிய அட்டைப் பெட்டிகள் ஈரத்தையும் கரையானையும் ஒருசேர அழைக்கும். அலமாரிக்குக் கால் வைத்துத் தரையிலிருந்து தூக்கிவைத்தால் பெருக்கவும் வசதி, கரையான் பாதையும் கண்ணில் படும்.

பெயின்ட், தின்னர், டர்பன்டைன் விஷயத்தில் ஒழுங்கு என்பது தீப் பாதுகாப்பு. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடாகி, நெருப்பே காட்டாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவில் 38 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் மரப்பலகைக்கு மெருகேற்றிய துணிகள் இப்படிப் பற்றியதில் மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அத்தகைய துணிகளை விரித்துக் கொடியில் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். தின்னரைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் குழந்தைகள் உள்ள வீட்டில் விபரீதத்தில் முடியும். ஸ்கூட்டரோ காரோ நிற்கும் ஷெட்டில் இன்னொரு கவனமும் வேண்டும்: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். அமெரிக்க விதிகள் கார் ஷெட்டில் பொறி உண்டாக்கும் சாதனங்கள் தரையிலிருந்து 18 அங்குலத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பது இதனால்தான். பிளக் பாயின்ட்டுகளையும் சார்ஜரையும் வேலைப் பலகை மட்டத்துக்கு மேலே வைத்தால் போதும். கிரைண்டர் வேலையை வண்டியை வெளியே நிறுத்திவிட்டுச் செய்யலாம்.

கிரைண்டர் தட்டுகளுக்கும் காலாவதி உண்டு. பிசின் கலந்து செய்த தட்டின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் தேதி பொறித்திருக்கும். பொதுவாக உற்பத்தியிலிருந்து மூன்று ஆண்டுகள். ஈரம் பட்டால் அதற்கு முன்பே வலுவிழந்து, ஓடும் வேகத்தில் சிதறலாம். எனவே அவற்றை உலர்ந்த இடத்தில் படுக்கவைத்து அடுக்க வேண்டும், ஆணியில் தொங்கவிடக் கூடாது. லித்தியம் பேட்டரிகளுக்கு எதிரி வெயில். தகரக் கூரை ஷெட்டில் சித்திரை மாதப் பகலில் அவற்றை விட்டுவைத்தால் ஆயுள் குறையும். பாதி சார்ஜில், வீட்டுக்குள் வைப்பது சரி. பசைகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். உடனடிப் பசைக்குப் பொதுவாக ஓராண்டுதான் ஆயுள் என்பதால், வாங்கிய மாதத்தைக் குப்பியில் எழுதிவிட்டால் வறண்ட குப்பிகள் சேராது.

இரவல் போன கருவிகளுக்கு ஒரு சிலேட்டு போதும். யார், என்ன, எப்போது என்று எழுதி, கருவி இருந்த கொக்கியிலேயே மாட்டிவிடலாம். அண்டை வீட்டாரிடம் கேட்கச் சங்கடப்படுவதால்தான் பல டிரில்லிங் பிட்டுகள் திரும்பி வருவதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை முழுச் சோதனைக்கு ஆயுத பூஜையைவிடப் பொருத்தமான நாள் இல்லை. புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தை ஒட்டி அது வருகிறது; எல்லாக் கருவிகளும் அன்று எப்படியும் வெளியே வந்து துடைபடும். அப்போதே எண்ணெய் பூசி, முனை மழுங்கியதைத் தனியே எடுத்து, தட்டுகளின் தேதி பார்த்து, காணாமல் போனவற்றைக் குறித்துக்கொள்ளலாம். ஈரச் சந்தனத்தைப் பளபளக்கும் இரும்பில் இட்டால் அந்த இடத்தில் துருக்கறை விழும். மரப்பிடியில் இடுவது நல்லது. கற்பூரம் காட்டும் முன் தின்னர் டின்கள் ஷெட்டை விட்டு வெளியே போயிருக்க வேண்டும்.