செல்லுக்கும் உண்டு செக்யூரிட்டி!

'செல்' என்றதும் சட்டைப் பையைத் தடவாதீர்கள். நான் சொல்வது உடம்புக்குள் இருக்கிற செல். 'பி.காம். படிச்சவனுக்கு இது எதுக்குய்யா?' என்கிறீர்களா? வரவு, செலவு, கையிருப்பு... செல் பார்ப்பதும் இதே உத்தியோகம்தானே சார்!

சாயந்திரம் மார்க்கெட்டில் கீரைக்காரம்மாவைக் கவனியுங்கள். துவண்ட கட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார். கொஞ்ச நேரத்தில் கீரை நிமிர்ந்துவிடும். 'நேத்துப் பறிச்சதா?' என்று கேட்டுப் பாருங்கள். 'இப்பத்தான் வந்து இறங்குச்சு!' என்பார். நடப்பது இதுதான்: செல்லுக்குள் தண்ணீர் புகுந்து, உப்பி, வெளிச்சுவரை அழுத்துகிறது. சுவர் விறைத்துக்கொள்கிறது. அந்தச் சுவரின் முக்கியச் சரக்கு செல்லுலோஸ். நீங்கள் போட்டிருக்கும் காட்டன் சட்டையும், பேப்பரும் அதே சரக்குத்தான். 1665-ல் ராபர்ட் ஹூக் மைக்ராஸ்கோப்பில் தக்கையைப் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தாரே, அவர் பார்த்தது செத்துப்போன செல்களின் வெறும் சுவரைத்தான். ஆள் காலி, வீடு பாக்கி!

நமக்கு அந்தச் சுவர் கிடையாது. (இருந்தால் பஸ் படியில் தொங்க முடியாது. மரமாய் நிற்க வேண்டியதுதான்!) இருப்பது மெல்லிய சவ்வு. ஒரு மில்லிமீட்டர் இடத்தில் லட்சம் சவ்வுகளை அடுக்கிவிடலாம். கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்கும். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது. எனவே தலைகள் வெளிப்பக்கம், வால்கள் நடுவில். இதை 1925-ல் சொன்னவர்கள் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு டச்சுக்காரர்கள். ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைத் தண்ணீரில் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் பரப்பைப் போல இரு மடங்கு வந்தது. ஆக, இரண்டு அடுக்கு! பிற்பாடு பார்த்தால் கொழுப்பையும் குறைத்து எடுத்திருக்கிறார்கள், பரப்பையும் குறைத்து அளந்திருக்கிறார்கள். இரண்டும் சரிக்குச் சரியாகி விடை சரி. காமர்ஸில் 'ஈடுசெய் பிழை' என்று படித்தோமே, அதேதான்!

சுவர் இல்லாததில் ஓர் ஆபத்து உண்டு. சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் வெறும் தண்ணீரை ஏற்றாமல் 0.9 சதவிகித உப்பு கலந்த சலைனை ஏற்றுகிறார்கள்.

சவ்வில் ஆங்காங்கே புரதத்தால் ஆன கேட்டுகள் உண்டு. குடல் செல்லில் இருக்கும் ஒரு கேட் ரொம்ப கறார். சர்க்கரை தனியாக வந்தால் 'போய் உப்பைக் கூட்டிட்டு வா' என்கும். இரண்டும் ஜோடியாக வந்தால்தான் அனுமதி. பின்னாலேயே தண்ணீரும் உள்ளே வரும். இந்த ஜோடிப் பொருத்தத்தை ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி 1960-ல் சொன்னார்.

'அதனால் எனக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காலரா வந்தால் உடம்பின் தண்ணீரெல்லாம் குடல் வழியே கொட்டிப்போகும். ஆனால், அப்போதும் இந்த கேட் மட்டும் லீவு போடாது! 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையில் உள்ள போங்காவ் அகதி முகாமில் காலரா. ஜனம் தரையில் கிடக்கிறது, சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருக்கிறது. டாக்டர் திலீப் மஹலானபிஸ் துணிந்து ஒரு காரியம் செய்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கலக்கி, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 30 சதவிகிதம் வரை போன சாவு, 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வம்சம்தான். 2022-ல் காலமான அவருக்கு, 2023-ல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

பாக்கெட் கிடைக்காத ராத்திரியில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் ஒரு லிட்டர். தலை தட்டிய டீஸ்பூனால் ஆறு சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அளவு முக்கியம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் கிளம்புங்கள். மிச்சத்தை அந்த கேட் கவனித்துக்கொள்ளும்.

மாமூல் கேட்காத கேட் அது ஒன்றுதான் சார்!