ஒப்படைக்கப்பட்ட பொருள்

நுழையும்முன்

பள்ளி தன் ஆசிரியருக்கு மடிக்கணினி ஒன்றை வழங்குகிறது. அக்கருவிக்குள் வகுப்பு மாணவர் அனைவரின் விவரங்களும் சேர்கின்றன. அதனை ஆசிரியர் எவ்வாறு பேணுகின்றார், ஏன் பேண வேண்டும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மூன்றாம் பாடவேளை முடிந்து மணி ஒலிக்கிறது. பெங்களூருவில் உள்ள ஒரு மத்தியப் பள்ளியின் வகுப்பறை அது. ஆசிரியை பக்கத்து அறைக்குச் சென்று வருகைப்பதிவேட்டை எடுத்துவர வேண்டும். இரண்டு நிமிடமே ஆகும். ஆயினும் எழுவதற்கு முன் அவர் மடிக்கணினியில் விண்டோஸ் விசையையும் எல் விசையையும் ஒருசேர அழுத்துகிறார். திரையில் இருந்த பாடம் மறைந்து, கடவுச்சொல் கேட்கும் கட்டம் தோன்றுகிறது. ‘இரண்டு நிமிடத்திற்கு இவ்வளவு பூட்டா?’ என்று மாணவர் சிலர் வியக்கின்றனர். அதற்குரிய விடை அக்கருவிக்குள்ளேயே இருக்கிறது.

கருவி வந்த வழி

பள்ளிகளில் மடிக்கணினி பெருமளவில் பரவிய வரலாற்றில் தமிழ்நாட்டிற்குத் தனி இடம் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புப் பயின்றோரும் கல்லூரி மாணவரும் அதனால் பயன்பெற்றனர். தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் அக்கருவிகளைக் கொள்முதல் செய்தது. பின்னர் ஆசிரியர் பக்கமும் கவனம் திரும்பியது. 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 80 ஆயிரம் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்குக் கையடக்கக் கணினிகள் வழங்கும் பணி தொடங்கியது.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டபோது, கணினித் திரையே வகுப்பறையாயிற்று. பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல், வினாத்தாள் ஆகியவை கணினியிலேயே உருவாகின்றன.

பள்ளி வழங்கும் மடிக்கணினி ஆசிரியரின் சொந்தப் பொருள் ஆகாது. அதன் வரிசை எண் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் எழுதப்பட்டு, பெறுபவரின் கையொப்பம் பெறப்படும். இடமாற்றம் பெறும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகள் படிப்பு தடைபடாமல் கற்பதற்காக 1963இல் கேந்திரிய வித்யாலயா அமைப்பு தோன்றியது. அப்பள்ளிகளில் மாணவரைப் போலவே ஆசிரியரும் ஊர் மாறுகின்றனர். ஆசிரியர் சென்றாலும் கருவி அப்பள்ளியிலேயே தங்கி, அடுத்து வருபவரின் கைக்குச் செல்லும்.

உள்ளே இருப்பவை

ஆசிரியையின் மடிக்கணினியில் பாடக் குறிப்புகளோடு வேறு சிலவும் உள்ளன. மாணவரின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், முகவரி, கைப்பேசி எண், மதிப்பெண், சிலருடைய உடல்நலக் குறிப்பு ஆகியவை அவை. இந்திய அரசின் யுடைஸ் பிளஸ் என்னும் பள்ளித் தகவல் தொகுப்பு, 2022-23 கல்வியாண்டு முதல் ஒவ்வொரு மாணவரின் விவரத்தையும் தனித்தனியே திரட்டி வருகிறது. அவ்விவரங்களைப் பதிபவர்கள் பள்ளிப் பணியாளர்களே.

இவ்விவரங்கள் அயலார் கைக்குச் சென்றால் தீங்கு பலவாறு நேரும். பள்ளியிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருவர் பெற்றோரை ஏமாற்றிப் பணம் பறிக்கலாம். ஒரு மாணவியின் வீட்டு முகவரியும் அவள் திரும்பும் நேரமும் அறியக் கூடாதவர்க்குத் தெரியலாம். குறைந்த மதிப்பெண் பெற்ற சிறுவனின் பட்டியல் கைப்பேசிகளில் சுற்றி, அவன் வகுப்பிற்கு வரவே கூசும் நிலை உண்டாகலாம். நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாதோரின் தகவல்களுக்குத் தனிப் பாதுகாப்பு வகுத்துள்ளது. ஆசிரியை அழுத்திய இரண்டு விசைகளின் பொருள் இதுவே.

கடவுச்சொல்லை மேசைக்கண்ணாடியின் அடியில் எழுதி வைத்தலும், அதனை மாணவரிடம் கூறி ‘நீயே திறந்து வை’ என்று பணித்தலும் பூட்டிய வீட்டின் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். வீட்டில் ஆசிரியரின் பிள்ளை விளையாட்டு ஒன்றைத் தரவிறக்கக் கருவியைக் கேட்பதும் உண்டு. அந்த விளையாட்டோடு நச்சுநிரலும் நுழையக்கூடும். எனவே பள்ளிக் கருவி பள்ளிப் பணிக்கு மட்டுமே உரியது.

விரலியும் அச்சுக்கடையும்

தேர்வு நெருங்குகிறது. பள்ளியின் அச்சுப்பொறி பழுதாகிவிட்டது. வினாத்தாளை விரலியில் பதிந்து தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துச் செல்வதே எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அக்கடையின் கணினியில் ஒரே நாளில் பலருடைய விரலிகள் செருகப்படுகின்றன. ஒன்றில் உள்ள நச்சுநிரல் மற்றவற்றிற்கும் தொற்றுகிறது. அச்சிட்ட பின்னும் வினாத்தாளின் நகல் கடைக்கணினியிலேயே தங்கிவிடலாம். ஆதலால் வினாத்தாள் போன்றவற்றைப் பள்ளி ஏற்பாட்டிலேயே அச்சிடுதல் வேண்டும். வெளியே சென்று வந்த விரலியை நச்சுநிரல் தடுப்பு மென்பொருளால் சோதித்த பின்னரே திறத்தல் வேண்டும்.

முதன்மையான கோப்புகளுக்குக் காப்புநகல் எடுத்து, பள்ளி குறித்த இடத்தில் வைத்தல் இன்றியமையாதது. கருவி பழுதானால் வேறொன்று வாங்கலாம். ஓராண்டு மதிப்பெண்களை நினைவிலிருந்து மீண்டும் எழுத இயலாது.

உடலைப் பேணுதல்

மடிக்கணினியின் முதற்பகை வெப்பம். உள்ளே எழும் சூட்டை வெளியேற்ற அதன் அடியிலோ பக்கத்திலோ துளைகள் உள்ளன. மெத்தை மீதோ தலையணை மீதோ வைத்தால் அவை அடைபடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச் செல்வதும் கேடு தரும். இக்கருவிகளில் உள்ள லித்தியம் அயனி மின்கலம் வெப்பத்தால் விரைவில் வலிமை இழக்கும். அம்மின்கலத்தை உருவாக்கிய அறிஞர் மூவர்க்கு 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மின்கலம் உப்பிக் காணப்பட்டால் கருவியை உடனே நிறுத்திப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அழுத்தியோ குத்தியோ பார்த்தால் தீப்பற்றக்கூடும்.

இரண்டாம் பகை நீர். தேநீர்க் குவளையைக் கணினி இருக்கும் மேசையில் வைக்காமை நன்று. தேநீர் சிந்திவிட்டால் முதலில் மின்னிணைப்பைத் துண்டித்து, கருவியை நிறுத்தி, விசைப்பலகை கீழ்நோக்கி இருக்குமாறு கவிழ்த்து வைத்தல் வேண்டும். உலர்ந்துவிட்டதாக எண்ணி இயக்கிப் பார்த்தல் கூடாது. அரிசிக்குள் புதைத்தால் ஈரம் நீங்கும் என்று பலர் நம்புகின்றனர். அரிசியின் தூள் துளைகளுக்குள் புகுந்து புதிய பழுதையே உண்டாக்கும். தொழில்நுட்பரிடம் காட்டுவதே முறை.

பெங்களூருவில் கோடையிலும் மாலையில் இடியுடன் மழை பெய்வதுண்டு. பேருந்திலும் மெட்ரோவிலும் கருவியைக் கொண்டு செல்வோர், அதனை முழுமையாக நிறுத்தி, நீர் புகாத பையில் வைக்கின்றனர். இடி இடிக்கும்போது மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுகின்றனர். பேனாவை விசைப்பலகை மீது மறந்து மூடினால் திரை விரிசல் காணும். திரையைப் பிடித்துத் தூக்கினால் கீல் தளரும். திரையைத் துடைக்க உலர்ந்த மென்துணியே போதும்.

இழப்பும் ஒப்படைப்பும்

எவ்வளவு விழிப்பாக இருப்பினும் கருவி திருட்டுப் போதல் உண்டு. அப்போது முதல்வருக்கு உடனே அறிவித்துக் காவல் நிலையத்தில் புகார் தருதல் ஆசிரியரின் கடமை. விரைவில் அறிந்தால், பள்ளி அக்கருவி வழியே திறக்கக்கூடிய கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றிவிடும். அச்சத்தால் இரண்டு நாள் மறைத்தால், அவ்விரண்டு நாளும் மாணவரின் விவரங்கள் காவலின்றிக் கிடக்கும்.

பழுதடைந்து பயனற்ற கருவியைக் குப்பையில் எறிதல் கூடாது. கோப்புகளை அழித்தாலும் அவற்றை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உள்ளன. எனவே சேமிப்பகத்தை முற்றிலும் துடைத்த பின்னரே கருவியை வெளியே அனுப்புவர். மின்கழிவில் காரீயம் போன்ற நச்சுப்பொருள்களும், செம்பு, பொன் போன்ற மதிப்புமிக்க உலோகங்களும் கலந்துள்ளன. அவற்றைப் பாதுகாப்பாகப் பிரித்தெடுக்க அரசின் ஒப்புதல் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. பெங்களூருவை அடுத்த தாபஸ்பேட்டையில் 2005இல் தொடங்கிய இ-பரிசரா, இத்துறையில் இந்தியாவின் முன்னோடி நிறுவனமாகும்.

பிறர் பொருளைத் தம் பொருளினும் மேலாகக் காப்பது தமிழர் போற்றிய பண்பு. மதுரைக்கு வந்த கண்ணகியைக் கவுந்தியடிகள் ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடம் ஒப்படைப்பதைக் கூறும் சிலப்பதிகாரப் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். வகுப்பறை மேசையில் உள்ள மடிக்கணினியும் அடைக்கலப் பொருளே. கருவி பள்ளிக்கு உரியது. உள்ளே இருக்கும் பெயர்கள் மாணவர்க்கு உரியவை. பதிவேட்டுடன் திரும்பிய ஆசிரியை கடவுச்சொல்லை உள்ளிடுகிறார். விட்ட இடத்திலிருந்து பாடம் தொடர்கிறது.

சொற்பொருள்

விரலி – பென் டிரைவ்
நச்சுநிரல் – கணினிக்குத் தீங்கு செய்யும் வைரஸ்
காப்புநகல் – பாதுகாப்பிற்காக எடுத்துவைக்கும் படி
இருப்புப் பதிவேடு – பள்ளியின் பொருள்களைக் குறித்துவைக்கும் ஏடு
அடைக்கலம் – காக்குமாறு ஒப்படைத்தல், புகலிடம்

வினாக்கள்

1. ஆசிரியை இரண்டு நிமிடத்திற்கும் கணினியைப் பூட்டிச் சென்றது ஏன்?
2. வினாத்தாளை வெளிக்கடையில் அச்சிடுவதால் நேரக்கூடிய இரு தீங்குகளை எழுதுக.
3. கணினி மீது தேநீர் சிந்தினால் செய்ய வேண்டுவனவற்றை வரிசைப்படுத்துக.
4. கருவி தொலைந்ததை மறைத்தல் ஏன் தவறு? இரு தொடர்களில் விடை தருக.

செயல்பாடு

வீட்டில் பயனற்றுக் கிடக்கும் மின்னணுப் பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றை என்ன செய்யலாம் என்று பெற்றோருடன் தமிழில் கலந்துரையாடி ஐந்து தொடர்கள் எழுதுக.