ஓர்மை தப்புதா? வல்லாரை மட்டும் போதுமா?

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்மணிகள் நாலு பேர் கல்யாண வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது. "அடுப்பில பாலை வச்சிட்டு மறந்து போறேன்." "பீரோவைத் திறந்திட்டு, என்னத்துக்குத் திறந்தேன்னு நிக்கேன்." "பேரு நாக்கு நுனியில நிக்கு, வெளிய வர மாட்டேங்கு."

ஞாபகத்துக்கு எங்கள் நாஞ்சில் நாட்டில் 'ஓர்மை' என்று பெயர். "எனக்கு ஓர்மையே இல்லட்டீ" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கிறது. மாமியாருக்கு வந்த மறதி நோய் நமக்கும் இப்போதே வந்துவிட்டதோ என்கிற பயம்.

பயத்தைச் சொல்லி வாய் மூடுமுன் யாராவது மருந்தும் சொல்லிவிடுவார்கள். "வல்லாரையை அரைச்சுக் குடி." "பிரம்மி நெய் வாங்கித் தின்னு." எங்கள் ஜில்லாவில் இதற்கெல்லாம் பஞ்சமே கிடையாது. பொற்றையடியில் மருந்துவாழ் மலை நிற்கிறது. அனுமன் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஐதீகம். கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வர்ம ஆசான்கள் பரம்பரையும் இன்னும் அற்றுப் போகவில்லை. இங்கே பிறந்தவர்களுக்கு மூலிகையில் நம்பிக்கை தானாகவே வந்துவிடும். எனக்கும் உண்டு. ஆனாலும் எந்த மூலிகை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்டு சாப்பிடுவதுதானே புத்திசாலித்தனம்?

இது என்ன மறதி?

மாதவிலக்கு தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்கிறார்கள். மேல்நாடுகளில் சராசரியாக 51 வயதில் இது நடக்கிறது. நம் நாட்டில் 46, 47 வயதிலேயே நடந்துவிடுகிறது. நிற்பதற்கு முந்தைய சில வருஷங்கள்தான் பாடாய்ப் படுத்துகிற காலம். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். இந்த ஹார்மோனுக்குக் கர்ப்பப்பையில் மட்டும் வேலை இல்லை. மூளையில் ஞாபகத்தைச் சேமித்து வைக்கும் பகுதியிலும் அதற்கு வேலை உண்டு. அது தடுமாறும்போது ஓர்மையும் கொஞ்சம் தடுமாறுகிறது. ராத்திரி குப்பென்று வேர்த்துத் தூக்கம் கலைந்தால், மறுநாள் சொல்லவே வேண்டாம்!

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2,362 பெண்களை நான்கு வருஷம் தொடர்ந்து கவனித்து 2009-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஒரே மாதிரிச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் எல்லோருக்கும் பழகிப்போய் மதிப்பெண் கூடும். மாதவிலக்கு நிற்கப்போகும் சமயத்தில் மட்டும் அந்த முன்னேற்றம் தடைபட்டது. நின்ற பிறகு மறுபடியும் பழையபடி முன்னேற்றம் வந்துவிட்டது. அதாவது பெரும்பாலானவர்களுக்கு இது கடந்து போகிற மேகம்தான். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சகஜம். சாவி எதற்கு என்பதே தெரியாமல் போனாலோ, பழகின தெருவில் வழி தவறினாலோ, தினமும் வைக்கிற குழம்பின் செய்முறையே மறந்து போனாலோ அது வேறு விஷயம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வல்லாரை வேறு, பிரம்மி வேறு

இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் அநேகம். வட இந்தியாவில் பல இடங்களில் வல்லாரையையே பிரம்மி என்று விற்கிறார்கள். நம் பக்கத்தில் வல்லாரை என்றால் தரையோடு படர்ந்து, மூத்திரக்காய் வடிவத்தில் வட்ட இலை விடும் கீரை. மலையாளம் பேசுகிற வீடுகளில் அதைக் குடங்கல் அல்லது முத்தில் என்பார்கள். நீர்ப்பிரம்மி ஈரமான இடத்தில் வளர்வது. சின்னஞ்சிறு தடித்த இலை, வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகப் பூ, வாயில் வைத்தால் கசப்பு.

நீர்ப்பிரம்மியைப் பற்றி முறையான சோதனைகள் நடந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 40 முதல் 65 வயது வரையுள்ள 76 பேருக்கு, பாதிப் பேருக்குப் பிரம்மியும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையுமாக மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். புதிதாகக் கற்றதை மறக்காமல் வைத்துக்கொள்வதில் பிரம்மி சாப்பிட்டவர்கள் கொஞ்சம் மேலாக இருந்தார்கள். கவனம் போன்ற மற்றவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. இதிலிருந்து இரண்டு விஷயம் புரிகிறது. ஒன்று, பிரம்மியில் சரக்கு இல்லாமல் இல்லை. இரண்டு, இன்று சாப்பிட்டு நாளைக்கே பலன் கிடைக்காது. மூன்று மாதமாவது பொறுமை வேண்டும். சிலருக்கு இதனால் வயிற்றுப் பிரட்டலும் பேதியும் வருவதுண்டு. வெறும் வயிற்றில் சாப்பிடாமல் ஆகாரத்துக்குப் பிறகு சாப்பிட்டால் இது குறையும். நம் வைத்தியர்கள் பிரம்மியை நெய்யில் காய்ச்சிக் கொடுக்கிற வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும்.

வல்லாரை விஷயத்தில் இத்தனை உறுதி இல்லை. அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் ஒன்று சேர்த்து 2017-ல் அலசிப் பார்த்தார்கள். ஞாபகசக்தி கூடுகிறது என்று நிரூபணமாகவில்லை. சுறுசுறுப்பு கூடலாம், கோபம் தணியலாம் என்று மட்டும் தெரிந்தது. ஐம்பது வயதில் கோபம் தணிவதும் லேசான லாபமா என்ன! கீரையாகச் சாப்பிடுவதில் தோஷமில்லை. ஆனால் 'உடம்பு இளைக்கும்' என்று வல்லாரையை மருந்தாக வாரக்கணக்கில் எடுத்த மூன்று பெண்களுக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்ததாக 2005-ல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வந்திருக்கிறது. கீரைக்கும் மருந்துக்கும் உள்ள வித்தியாசம் அளவில் இருக்கிறது.

அமுக்கராக் கிழங்கு, அதுதான் அசுவகந்தா, இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. மனப் பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் ஓரளவு உதவுகிறது என்று சில சோதனைகள் சொல்கின்றன. தூக்கம் சரியானால் ஓர்மையும் கொஞ்சம் சரியாகத்தான் செய்யும். ஆனால் அது தைராய்டு சுரப்பைக் கூட்டக் கூடியது; கல்லீரலைப் பாதித்த சம்பவங்களும் உண்டு. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. 'ஜிங்கோ' என்று ஒரு வெளிநாட்டு இலையையும் விளம்பரம் செய்கிறார்கள். அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வருஷக் கணக்கில் கொடுத்துப் பார்த்து, மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008-ல் சொல்லிவிட்டார்கள். காசை மிச்சப்படுத்தலாம்.

எட்டு மாதம் வீணான கதை

என் சித்தி மகளுக்கு வயது 47. வயலும் வீடும் பிள்ளைகளுமாக ஓடியாடி வேலை செய்தவள். திடீரென்று எல்லாவற்றுக்கும் மறதி. "பிள்ளே, என் தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு" என்பாள். வீட்டில் கேலி. "அம்மைக்கு வயசாச்சு" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் தினமும் காலையில் வல்லாரைச் சாறு, ராத்திரி ஒரு லேகியம் என்று எட்டு மாதம் சாப்பிட்டாள். ஒரு குணமும் இல்லை.

ஒருநாள் படி ஏறும்போது மூச்சு வாங்கித் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ரத்தம் சோதித்தார்கள். பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவளுக்கு 7 கிராம்! மாதவிலக்கு நிற்கப்போகிற சமயம் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று உதிரம் போயிருக்கிறது. "நிக்கப் போற நேரம் அப்படித்தான் போவும்" என்று யாரோ சொன்னதை நம்பி ஒருவரிடமும் சொல்லவில்லை. தைராய்டும் குறைந்திருந்தது. உதிரப் போக்குக்குச் சிகிச்சை, இரும்புச் சத்து, தைராய்டு மாத்திரை என்று நாலு மாதம் போனது. தலைக்குள் இருந்த பஞ்சு போய்விட்டது.

வல்லாரை அவளை ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனால் வல்லாரையை நம்பி இருந்த எட்டு மாதமும் ரத்தம் குறைந்துகொண்டே போயிற்றே, அதைத்தான் யோசிக்க வேண்டும். மூலிகையைத் தொடங்குவதற்கு முன்பு இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள்:

● ஹீமோகுளோபின்
● தைராய்டு
● சர்க்கரை, ரத்த அழுத்தம்
● வைட்டமின் பி12 (சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு முக்கியம்)

இவற்றில் எது குறைந்தாலும் கூடினாலும் மறதி வரும். சரி செய்தால் பெரும்பாலும் போய்விடும். மன வருத்தமும் மறதியாக வேஷம் போடும். அழுகை அழுகையாக வந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விலக்கு நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தாமதிக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். 'கர்ப்பப்பையோடு எல்லாத்தையும் எடுத்திருவோம்' என்று சிறிய வயதிலேயே சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. மாதவிலக்கு தானாக நிற்கும் முன்பே சினைப்பைகளை எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2007-ல் எச்சரித்தது. ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால், "சினைப்பையையும் எடுக்கணுமா? ஏன்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது?

ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் ஓர்மை வருமா என்று சிலர் கேட்கிறார்கள். தாங்க முடியாத உடல் சூட்டுக்கும் வேர்வைக்கும் டாக்டர் ஆலோசனையோடு அதை எடுக்கலாம். ஓர்மைக்காக மட்டும் எடுக்கச் சொல்வதில்லை. 65 வயதைத் தாண்டிய பிறகு அதைத் தொடங்கினவர்களுக்கு மறதி நோய் இரண்டு மடங்கு ஆனது என்று 2003-ல் தெரிய வந்தது.

வாங்கும்போது கவனம்

பெயரில்லாத பொட்டலத்தில் பொடி வாங்காதீர்கள். தயாரிப்பு லைசென்ஸ் எண், தேதி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 இந்திய மருந்துகளைச் சோதித்தபோது 14-ல் காரீயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்ததாக 2004-ல் வெளியிட்டார்கள். காரீயமே மூளையைக் கெடுக்கிற சாமான். ஓர்மைக்கு மருந்து சாப்பிடப் போய் ஓர்மையைத் தொலைக்கலாமா?

தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர்கள், மூலிகையானாலும் டாக்டரிடமோ படித்த சித்த, ஆயுர்வேத வைத்தியரிடமோ கேட்டே சாப்பிட வேண்டும்.

வல்லாரையைச் சாக்கடை ஓரத்திலும், பூச்சி மருந்து அடித்த வயல் வரப்பிலும் பறிக்காதீர்கள். ஒரு தொட்டியில் மண் போட்டு, வேரோடு ஒரு கொடியை ஊன்றித் தண்ணீர் விட்டால் போதும். நிழலிலேயே படர்ந்துவிடும்.

வல்லாரைத் துவையல்

கழுவிய வல்லாரை இரண்டு பிடி, தேங்காய்த் துருவல் அரை கப், உளுத்தம் பருப்பு இரண்டு ஸ்பூன், மிளகாய் வற்றல் மூன்று, நல்லமிளகு ஐந்தாறு, புளி ஒரு சுளை, உப்பு தேவைக்கு.

கொஞ்சம் எண்ணெயில் உளுந்து, வற்றல், மிளகை வறுத்து எடுங்கள். அதே சட்டியில் கீரையைப் போட்டுச் சுருள வதக்குங்கள். தேங்காய், புளி, உப்பு சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் சுடுசோற்றோடு போதும். கூடவே சாளை மீன் வாய்த்தால் இன்னும் விசேஷம். மூளைக்கு வேண்டிய நல்ல கொழுப்பு அதில் உண்டு.

மூளைக்கு நிஜமான காவல்

உலகத்தின் மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ முடியும் என்று 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையின் குழு 2024-ல் கணக்கிட்டது. அந்தக் குழு சொன்ன 14 காரணங்களில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, உடலுழைப்பு இல்லாமை, தனிமை எல்லாம் இருக்கின்றன. தினமும் அரை மணி வேகமாக நடப்பது, ஏழு மணி நேரம் தூங்குவது, கண்ணாடி மாற்ற வேண்டுமானால் மாற்றுவது, நாலு பேரோடு பேசிச் சிரிப்பது... எல்லாமே மூளைக்கு மருந்துதான்.

எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளானால் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள். பிள்ளை பெற்றால் பேறுகால மருந்து இடிப்பார்கள். விலக்கு நிற்கிற வயதில் அவளுக்கு என்று ஒருவரும் ஒன்றும் செய்வதில்லை. அந்த வயதில்தான் அவள் மகளுக்குக் களி கிண்டிக்கொண்டும், மருமகளுக்கு மருந்து இடித்துக்கொண்டும் நிற்கிறாள். ஆகவே வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மை மறந்தால் சிரிக்காதீர்கள். ராத்திரி தூங்கினாளா, சாப்பிட்டாளா, எத்தனை நாள் உதிரம் போகிறது என்று கேளுங்கள். சகோதரிகளே, நீங்களும் கேட்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். துவையல் அரைப்பதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். ரத்தச் சோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.