நரம்பு கட்டும் மெஷின் வாங்கும் முன்

பேட்மின்டன் மட்டைக்கு நரம்பு கட்டுவதைத் தொழிலாக எடுக்கும் இளைஞர்கள் பலர், சேமிப்பையெல்லாம் ஒரு மெஷினில் போடுகிறார்கள். கையால் இயக்குவதா, மின்சாரத்தில் ஓடுவதா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது, ஃப்ரேமை மெஷின் எத்தனை இடத்தில் தாங்கிப் பிடிக்கிறது என்பதுதான். தாங்கல் குறைந்தால் இழுவையில் ஃப்ரேம் கோணி, விரிசல் விடும். ஆறு முனைகளில் பிடிக்கும் மெஷினையே கேளுங்கள்.

கைமெஷினில் இரண்டு வகை உண்டு. எடை தொங்கும் வகையில், அந்த எடை நரம்பை இழுத்துக்கொண்டே இருக்கும். கைப்பிடி சுற்றும் கிராங்க் வகையோ, குறித்த இழுவை வந்ததும் பூட்டிக்கொள்ளும். நைலான் நரம்பு அதன் பிறகும் சற்று நீள்வதால் இழுவை தளர்ந்துவிடும். மின்மெஷின் அந்தத் தளர்வை உணர்ந்து மறுபடி இழுக்கும். அதனால் கிராங்க்கில் 24 பவுண்டு கட்டி ஆடியவருக்கு, மின்மெஷினில் அதே 24 போட்டால் மட்டை விறைப்பாகத் தெரியும். மெஷினை மாற்றினால் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லி, ஒன்றிரண்டு பவுண்டு குறைத்துத் தொடங்குங்கள். ஃப்ரேமில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டிக் கட்டி மட்டை உடைந்தால், கம்பெனி வாரண்டி பொதுவாகக் கிடைக்காது.

மின்மெஷினில் வேலை வேகமாக நடக்கும், கையும் வலிக்காது. ஆனால் சர்க்யூட் போர்டு போனால் கடை முடங்கிவிடும். உதிரிபாகம் யார் தருவார், எத்தனை நாளில் தருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தினம் நாலைந்து மட்டை மட்டுமே வரும் கடைக்கு எடை தொங்கும் மெஷினே போதும் என்பேன். எதை வாங்கினாலும் ஸ்பிரிங் தராசு மாட்டி இழுவையை அவ்வப்போது சரிபாருங்கள்.

மெஷின் பழுதாகி நீங்கள் போய்க் கேட்கும்போது, 'தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை' என்று விற்றவர் சொன்னால் பின்வாங்காதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பில் தர மறுப்பதும் அச்சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. பழுதை வீடியோ எடுத்து, விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வெளியூரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். மெஷினுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.

உங்களிடம் மட்டை கொடுப்பவருக்கும் இதே உரிமைகள் உண்டு. அவர் கேட்ட பவுண்டையும், மட்டையில் ஏற்கெனவே இருந்த விரிசலையும் ரசீதில் எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிய பிறகே நரம்பை அறுங்கள்.